வீதியில் விழித்திருக்கும் கமரா

வீதியில் அரசு நிறுத்தும் கமரா கள்வனை மட்டும் பார்ப்பதில்லை. சந்தைக்குச் செல்வோரையும் பார்க்கிறது. முகத்தை அளந்து ஆளை இனங்காணும் கருவி அதனோடு சேரின் நிலைமை வேறாகிவிடுகிறது.

2017 டிசம்பரில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் கடைத்தெருவிலே பொலிசார் அத்தகைய கருவியை ஒரு வாகனத்தில் ஏற்றி நிறுத்தினர். வழிச்செல்வோர் முகங்கள், தேடப்படுவோர் பட்டியலிலுள்ள படங்களோடு ஒப்பிடப்பட்டன. பொருந்தாத முகப்பதிவுகள் உடனே அழிக்கப்பட்டன என்பது மெய்யே; ஆயினும் அவை கேளாமல் அளக்கப்பட்டவை அல்லவா? நகரவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2019இல் தோற்றார், 2020 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்.

தீர்ப்பின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கருவியே ஆகாது என்று நீதிபதிகள் கூறினாரல்லர். அதன் பயனை நோக்க, அந்த மனிதரின் அந்தரங்கத்துக்கு நேர்ந்த இடையூறு சிறிதென்றே கண்டனர். குறை வேறிடத்தில் இருந்தது. யாரைப் பட்டியலிற் சேர்ப்பது, எங்கே கருவியை நிறுத்துவது என்பவை பெரிதும் பொலிசாரின் விருப்புக்கே விடப்பட்டிருந்தன. இனத்தாலோ பாலாலோ கருவி வேற்றுமை காட்டுகிறதா என்பதையும் அவர்கள் தக்கவாறு ஆராயவில்லை. "குற்றமற்றவனுக்கு அச்சமேன்?" என வினவுவோர், பட்டியலை எழுதும் கை யாருடையதென்று வினவுவதில்லை.

பொலிசார் அத்தீர்ப்பை எதிர்த்து மேலே செல்லவில்லை. விதிகளைத் திருத்திக்கொண்டு, பின்னர் கருவியை மீண்டும் வீதிக்குக் கொணர்ந்தனர்.