'உடனே' என்றிருந்த ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'பிரசென்ட்லி' என்றொரு வினையடை உண்டு. லண்டன்காரர் ஒருவர் 'பிரசென்ட்லி வருகிறேன்' என்றால், சற்று நேரம் கழித்து வருவார் என்று பொருள். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் அதற்கு 'இக்கணமே' என்று அர்த்தம்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், மத்தேயு 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு சபித்த அத்திமரம் 'பிரசென்ட்லி' பட்டுப்போகிறது. மரம் மெல்ல மெல்லப் பட்டதாக இன்றைய வாசகர் எண்ணிக்கொண்டால், அந்த அற்புதமே கைநழுவிவிடும். அது அந்த நொடியிலேயே பட்டுப்போனது! பழைய நூல்களை அகராதியோடு படிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இந்த ஓர் இடமே போதும்.

'சூன்' என்ற சொல்லும் இதே பாதையில் வந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அது 'சோனா', பொருள், உடனே. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'அனான்' என்ற சொல்லுக்கும் இதே கதை. 'இதோ, உடனே' என்று சொல்லிவிட்டு மனிதர்கள் தாமதிக்கத் தாமதிக்க, சொல்லின் வேகமும் குறைந்துவிட்டது.

இன்னொன்று, நேயர்களே. அமெரிக்கர் ஒருவர் தாம் 'பிரசென்ட்லி' சிகாகோவில் இருப்பதாகச் சொன்னால், இப்போதே அங்கே இருக்கிறார் என்று பொருள். ஸ்காட்லாந்திலும் அப்படித்தான்.