மூத்த வீரரின் விலை

கொத்மலைத் தோட்டங்களிலே ஒப்பந்தம் என்னும் சொல்லைக் கேட்டால் மக்கள் நினைவுக்கு முதலில் வருவது சம்பளமே. தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைச்சாத்திட்டு வந்த கூட்டு ஒப்பந்தம் நெடுங்காலம் நாட்சம்பளத்தை வகுத்து வந்தது. 2021ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கியதோடு அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. ஏற்பாடு எதுவாயினும், கொழுந்து நிறுக்கும் தராசு சொல்வதே அன்றைய கணக்கு. முப்பது ஆண்டு கூடை சுமந்தவளாயினும், குறித்த கிலோ எட்டாவிட்டால் அவளுக்கு அரைப்பேர்தான். போன வருடத்துக் கொழுந்துக்கு இந்த வருடம் எவரும் கூலி கொடுப்பதில்லை.

விளையாட்டு உலகில் வழக்கம் நேர்மாறானது. கால் தளர்ந்து, தோள் வலிக்கத் தொடங்கும் வயதிலேதான் பெருவீரர் பலருக்குப் பெருந்தொகை கைக்கு வருகிறது. இது மூடத்தனமா, கணக்கா என்பதை ஆராய மலைநாட்டு நேயர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முத்தையா முரளிதரனைப் பார்த்தாலே போதும்.

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலாளியாக வந்தவர். பேரன் 1972இல் கண்டியிலே பிறந்து, டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் என்னும் எவரும் எட்டாத எல்லையைத் தொட்டு, 2010 ஜூலையில் காலியில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். இந்தியன் பிரிமியர் லீக் 2008இல் தொடங்கியபோது சென்னை சுப்பர் கிங்ஸ் அணி அவரை 6 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தது. அவருக்கு அப்போது வயது 36 ஆகும் தறுவாய். அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் அவருக்கு எதிர்ப்புறம் நின்றவர் 38 வயதான ஷேன் வோர்ன். ராஜஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கிய வோர்ன், சர்வதேச ஆட்டங்களிலிருந்து முந்திய ஆண்டே விலகியவர். கடைசிப் பந்தில் ராஜஸ்தான் வென்றது. இரு முதிய சுழல்பந்து வீச்சாளருள் ஒருவர் கிண்ணத்தோடும் மற்றவர் வெறுங்கையோடும் திரும்பினர். 2010இல் சென்னை கிண்ணத்தை வென்றபோது முரளிதரனும் அந்த அணியில் இருந்தார்.

இனி 2011ஐப் பார்க்கலாம். ஜனவரி ஏலத்தில் கொச்சி அணி, 38 வயதான அவருக்கு 11 இலட்சம் டொலர் கொடுத்தது. அதாவது மூன்றாண்டு மூப்புக்கு ஏறத்தாழ இருமடங்கு விலை! ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் உலகக் கிண்ண இறுதியாட்டம். காயங்களைத் தாங்கிக்கொண்டு பந்து வீசிய அவர் 8 ஓவர்களில் 39 ஓட்டங்களைக் கொடுத்தார்; விக்கெட் ஒன்றும் விழவில்லை. இந்தியா வென்றது. கொச்சிக்காக ஆடிய பருவமும் பெயர் சொல்லும்படி அமையவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொச்சி அணியே கலைக்கப்பட்டுவிட்டது. வீரர் ஓய்வதற்கு முன் முதலாளி ஓய்ந்த விந்தை இது.

இத்தகைய விலை எங்ஙனம் உருவாகிறது? அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. அங்கே இளம் வீரர், உயர்நிலை லீக்கில் ஆறு ஆண்டு சேவை நிறையும் வரை தம் விருப்பப்படி அணி மாற இயலாது. அவர் மிகச் சிறப்பாக ஆடும் பருவத்தின் பெரும்பகுதி குறைந்த சம்பளத்தில் கழிந்துவிடுகிறது. விடுதலை பெறும்போது வயது முப்பதை நெருங்கும். இளமையில் கிடைக்காததை அப்போது கேட்கிறார். ஆனால் கொடுப்பது வேறொரு அணி. வீரர் காயமுற்றாலும் சோர்ந்தாலும் ஒப்பந்தத் தொகையைப் பொதுவாக முழுமையாகவே செலுத்த வேண்டும். புதிய முதலாளி முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் பலனை எண்ணிக் கையெழுத்திடுகிறார். பிந்திய ஆண்டுகளின் சுமையும் அதே தாளில் அடங்கியிருக்கிறது.

அல்பர்ட் புஹோல்ஸ் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. 2011இல் சென்ட் லூயிஸ் அணிக்கு உலகத் தொடரை வென்று கொடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வாண்டு டிசெம்பரில் ஏஞ்சல்ஸ் அணி, 31 வயதான அவரைப் பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பத்தாண்டில் ஏஞ்சல்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது 2014இல் மட்டுமே. அங்கும் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியுமுன்பே அவரை விடுவித்தது. மறுபுறம், அலெக்ஸ் ரொட்ரிகஸ் என்பவருக்கு 32 வயதில், 2007இல், நியூயோர்க் யாங்கீஸ் பத்து ஆண்டுகளுக்கு 27.5 கோடி டொலர் கொடுத்தது. 2009இல் அவரோடு உலகத் தொடரை வென்றது. எஞ்சிய எட்டாண்டும் அந்த ஒரு கிண்ணத்துக்கான கடன் தவணை போலவே கழிந்தது. அந்த விலை தகுமா என்று நியூயோர்க் மக்களே இரு பிரிவாக நின்று வாதிடலாம்.

கிரிக்கெட் லீக்குகளின் நல்ல காலம், அங்கே ஒப்பந்தங்கள் குறுகியவை. 2018 ஏலத்தில் சென்னை அணி முப்பது கடந்தவர்களையே பெரும்பாலும் சேர்த்தபோது பலரும் நகைத்தனர். ஆயின் இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்குரியது நான்கு ஓவர் மட்டுமே. அவ்வளவுக்கு முதிய உடல் தாங்கும். நெருக்கடியில் பதறாத மனமோ இளைஞரிடம் எளிதில் கிடைப்பதில்லை. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் 36 வயதான ஷேன் வொட்சன், முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்காமல், மொத்தம் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் குவித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். மறு ஆண்டும் அதே வொட்சன், இரத்தம் கசியும் முழங்காலோடு 80 ஓட்டங்கள் எடுத்தார். கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். சென்னை ஒரே ஓட்டத்தால் தோற்றது. இரு ஆண்டிலும் ஆள் அவரேதான். 2020இல் அதே முதிய அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. ஏலத்தில் பணம் கொடுத்து வாங்கக்கூடியது இறுதியாட்டத்தின் வாசல்வரை செல்லும் வலிமையை. அந்த ஒற்றை ஓட்டத்தை அன்று.

ஆகவே, முதியவரை எடுப்பது பிழை என்பதற்கில்லை. எத்தனை ஆண்டுக்கு எடுக்கிறோம் என்பதிலேதான் பிழை நேர்கிறது. புஹோல்ஸ் 2022இல் தம் பழைய சென்ட் லூயிஸ் அணிக்குத் திரும்பினார். ஓராண்டு, 25 இலட்சம் டொலர். 42 வயதில் தமது 700ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அணியோ இறுதிச் சுற்றின் முதற்படியிலேயே இரண்டு ஆட்டங்களில் வெளியேறியது. முரளிதரனைக் கொச்சி அணி மறைந்தபின் பெங்களூர் அணி 2012இல் 2.2 இலட்சம் டொலருக்கு எடுத்தது. பழைய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் தொகைக்குப் பந்து வீச அவர் தயங்கவில்லை. 2014 வரை அந்த அணியிலேயே இருந்தார்.