பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீடுகளில் பொழுது விடியுமுன்பே விளக்கு எரியத் தொடங்கிவிடும். அம்மா தொழிற்சாலைச் சீருடையை மாட்டிக்கொண்டிருப்பார். அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். தூக்கம் கலையாத பிள்ளை தோளில் சாய்ந்திருக்கும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து, வேலைக்குப் போகும் பினாங்குத் தாய்மார்கள் பலரும் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

இது நமக்குப் புதிய கேள்வி இல்லை. ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமார் பிள்ளைகளை ஆயா கொட்டகையில் விட்டுப் போனார்கள். அந்த ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். இன்று நிலைமை மாறிவிட்டது. வீட்டில் ஆயாவை வைத்துக்கொள்ளும் அன்றே நாம் முதலாளி ஆகிவிடுகிறோம். இதைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை. சம்பளம் கொடுத்துப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுகிறோம்.

அப்படி எண்ணுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், அடெலினா லிசாவ் என்ற இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண் 2018 பிப்ரவரியில் உடலெங்கும் காயங்களோடு மீட்கப்பட்டு, மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். வீட்டு முன்வாசலில் நாயருகே அவர் படுக்க வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தபோது நாடே தலைகுனிந்தது. குற்றம் சாட்டப்பட்ட முதலாளி 2019-இல் விடுவிக்கப்பட்டார். 2022 ஜூனில் அரசுத் தரப்பு மேல்முறையீட்டைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு முடிந்தது. அந்தப் பெண்ணின் தாய்க்கு எதுவும் முடிந்திருக்காது.

சட்டம் மெல்ல மெல்ல நகர்ந்திருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு உண்டு. பதிந்து சந்தா கட்ட வேண்டியவர் முதலாளி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்நாட்டுப் பணிப்பெண்களுக்கு மாதம் 1,500 ரிங்கிட்டைக் குறைந்தபட்சச் சம்பளமாக்கியது. பணிப்பெண்ணின் கடவுச்சீட்டு அவரிடமே இருக்க வேண்டும். 'பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று வாங்கிப் பூட்டி வைப்பது தவறு. ஆனால் வேலைச் சட்டத்தின் வார ஓய்வுநாள் விதி இன்னும் வீட்டுப் பணியாளரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டம் கேட்காத இடத்தில்தான் நம் மனசாட்சி பேச வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, கதவு சாத்திப் படுக்க ஓர் இடம், ஊரிலுள்ள தம் பிள்ளையோடு பேசக் கைப்பேசி. இவற்றைச் சலுகையாக நினைக்கக் கூடாது.

பிள்ளையின் பாதுகாப்பும் இதோடு பிணைந்தது. பிள்ளை பார்க்க வந்தவரிடம் சமையல், துணி, கார் கழுவுதல் எல்லாவற்றையும் சுமத்தினால் தவழும் குழந்தையின் மேல் யார் கண் வைப்பது? முதல் சில நாட்கள் அம்மாவோ அப்பாவோ விடுப்பெடுத்து உடனிருங்கள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எந்த உணவு ஒவ்வாது, அவசரத்துக்கு 999 என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டுங்கள். கேமரா பொருத்தினால் அவரிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்த இடம் 'தாஸ்கா' எனப் பதிவுபெற வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் அக்காவின் வீட்டுக்கு அதிகாரி வரமாட்டார். சன்னல் கம்பியையும் குளியலறைத் தண்ணீர் வாளியையும் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். மாலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடாமல் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள். அன்று பிள்ளை சாப்பிட்டதா, எதற்கு அழுதது என்பது அங்கேதான் தெரியவரும்.

தோட்டத்துத் துரை சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதையும், காய்ச்சலோடு வேலைக்கு விரட்டியதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் ஒருநாள் ஊருக்குத் திரும்பித் தம் பேத்திக்குக் கதை சொல்வார். அந்தக் கதையில் துரையின் இடத்தில் நம் பெயர் வந்துவிடக் கூடாது.