கைக்கேற்ற கருவி

பலருக்கெனப் பொதுவாகச் செய்யப்படும் பொருள் பெரும்பாலோர்க்குப் பொருந்தும், எல்லார்க்கும் பொருந்தாது. ஒரே அளவில் தைத்த சட்டை ஒருவர்க்குத் தொளதொளவென்று தொங்கும்; மற்றொருவர்க்கு மார்பை இறுக்கும். தொலைக்காட்சிப் பெட்டியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் கருவியும் இத்தகையதே. மக்கள் அதனை ரிமோட் என்பர். தமிழில் தொலை இயக்கி எனலாம். ஒரு சாண் நீளமுள்ள அக்கருவியின் முகத்தில் 40-க்கும் மேற்பட்ட பொத்தான்கள் நெருங்கி நிற்பதுண்டு. கூரிய கண்ணும் நடுங்காத கையும் உடையார்க்கு அதனைக் கையாளுதல் எளிது. முதுமையால் விரல் நடுங்குவோரும், வாதநோயால் ஒரு கை தளர்ந்தோரும், பார்வை மங்கியோரும் அப்பொத்தான்களுள் வேண்டிய ஒன்றைத் தேடி அழுத்தப் பெரிதும் இடர்ப்படுவர். ஒலியைச் சற்றே குறைப்பதற்கும் அவர்கள் பிறரைக் கூவி அழைக்க வேண்டியுள்ளது. சிறு செயலுக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது மானமுடைய முதியோர்க்கு மிக்க வருத்தம் தருவதாகும்.

இக்குறையை நீக்க வழியுண்டு. இயக்கம், நிறுத்தம் ஆகிய இரண்டிற்கும் ஒன்று, ஒலியைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, அலைவரிசையை முன்னும் பின்னும் மாற்ற இரண்டு, ஒலியை அடக்க ஒன்று என ஆறு பெரிய பொத்தான்களை மட்டும் கொண்ட தொலை இயக்கியை, அடிப்படை மின்னியல் அறிந்த ஒருவர் தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அக்கருவிக்கு உயிர்நிலையாவது அதனுள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. அப்பலகையை வகுக்கும் முறையை அறிவதற்குமுன், தொலை இயக்கி பேசும் மொழியை அறிதல் வேண்டும்.

தொலை இயக்கி கண்ணுக்குப் புலனாகாத ஒளியால் பேசுகின்றது. யுரேனஸ் என்னும் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். ஞாயிற்றின் ஒளியை முப்பட்டகத்தால் பல நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறக் கண்டு வியந்தார். அங்கே விழுந்த கதிர்களே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படுகின்றன. தொலை இயக்கியின் முனையிலுள்ள சிறு ஒளிவிளக்கு, பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இக்கதிர்களை வீசுகின்றது.

தொடக்கத்தில் தொலை இயக்கிகள் இவ்வாறு அமையவில்லை. அமெரிக்க நிறுவனமாகிய சீனித் 1950-இல் வெளியிட்ட இயக்கி நீண்ட கம்பியால் பெட்டியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அக்கம்பி நடப்போர் காலை இடறியது. 1955-இல் யூஜீன் போலி என்பார் கம்பியில்லாது ஒளிக்கற்றையால் இயக்கும் கருவியை அமைத்தார். ஆயின் வெயில் பட்டாலும் பெட்டி தானே இயங்கலாயிற்று. அடுத்த ஆண்டு இராபர்ட் அட்லர் செவிக்கு எட்டாத ஒலியால் இயக்கும் கருவியை ஆக்கினார். பின்னரே அகச்சிவப்புக் கதிர் அவ்விடத்தைப் பெற்றது.

அறையில் ஞாயிற்றின் ஒளியும் விளக்கின் ஒளியும் உண்டு. அவற்றிலும் அகச்சிவப்புக் கதிர்கள் கலந்துள்ளன. அவற்றினின்றும் தன் செய்தியை வேறுபடுத்திக் காட்டுதற்காகத் தொலை இயக்கி ஒளியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை விட்டுவிட்டு வீசுகின்றது. பெட்டியிலுள்ள உணர்கருவி இவ்வாறு துடிக்கும் ஒளிக்கே செவிசாய்க்கும். ஏனைய ஒளியைப் பொருட்படுத்தாது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு குழந்தை தன் தாயின் குரலை அறிந்துகொள்வதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

துடிக்கும் ஒளியின் நீட்டமும் இடைவெளியும் எழுத்துகளாகின்றன. ஜப்பானிய நிறுவனமாகிய என்.இ.சி. வகுத்த முறை இதற்கு நல்ல சான்று. முதலில் 9 மில்லி நொடி ஒளி, பின்னர் 4.5 மில்லி நொடி அமைதி. இது செய்தி தொடங்கியதற்கு அறிகுறி. அடுத்து 32 குறிகள் வரும். ஒவ்வொரு குறியும் 0.56 மில்லி நொடி ஒளியோடு தொடங்கும். அதன்பின் வரும் அமைதி 0.56 மில்லி நொடியாயின் அது சுழி, 1.69 மில்லி நொடியாயின் அது ஒன்று. முதல் எட்டுக் குறிகள் எந்தக் கருவிக்குரிய செய்தி என்பதையும், மூன்றாவது எட்டுக் குறிகள் கட்டளை இன்னது என்பதையும் தெரிவிக்கும். இரண்டாவது எட்டும் நான்காவது எட்டும் தமக்கு முன்வந்தவற்றின் எதிர்மறைகள். இரண்டும் ஒத்து வந்தாலன்றிப் பெட்டி கட்டளையை ஏற்காது. நிறுவனந்தோறும் இம்முறை வேறுபடும். ஆதலின், பெட்டியோடு வந்த பழைய தொலை இயக்கியின் செய்திகளை ஓர் உணர்கருவியால் வாங்கிக் குறித்துக்கொள்வதே செய்வோரின் முதற்கடமை.

இனி, கருவியின் உறுப்புகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். குறித்த செய்திகளை நினைவில் வைத்து, பொத்தான் அழுத்தப்பட்டதும் அனுப்புவதற்கு ஒரு சில்லு தேவை. 14 கால்களையுடைய ஏடிடைனி84 என்னும் சில்லு இதற்குப் போதும். பொத்தான்களுக்கு 6 கால்கள், ஒளிவிளக்கை ஏவுதற்கு ஒரு கால் என 7 கால்களே வேண்டப்படுவன. பொத்தான் அழுத்தப்படாத காலமெல்லாம் இச்சில்லை உறங்கச் செய்யலாம். அந்நிலையில் அது கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. ஆகவே தனியே ஒரு நிறுத்துவிசை வேண்டுவதில்லை.

மின்னாற்றலுக்கு 1.5 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டு உள்ளன. இரண்டும் சேர்ந்து 3 வோல்ட்டு. ஒளிவிளக்கு தொலைவிற்குக் கதிர் வீச 100 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் வேண்டும். சில்லின் ஒரு கால் 40 மில்லி ஆம்பியருக்குமேல் தாங்காது. ஆதலின் சில்லு ஒரு டிரான்சிஸ்டரை ஏவ, டிரான்சிஸ்டர் விளக்கை ஏற்றுமாறு அமைத்தல் வேண்டும். விளக்கில் 1.4 வோல்ட்டும் டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட்டும் கழியும். எஞ்சிய 1.4 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் வகுத்தால் 14 ஓம் கிடைக்கும். கடையில் விற்கும் மின்தடைகளுள் இதற்கு அணித்தான 15 ஓம் மின்தடையைக் கொள்ளலாம்.

இங்கே பயன்படுத்துவோரின் நிலையை மீண்டும் எண்ணுதல் வேண்டும். படுக்கையில் இருப்பவர் கருவியைப் பெட்டிக்கு நேரே குறிபார்த்துப் பிடிக்க இயலாது. ஆகவே விளக்குகள் இரண்டை, சற்றே விலகிய திசைகளை நோக்குமாறு அமைத்தல் நன்று. ஆயின் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பிணைப்பில் வைத்தால் இரண்டிலும் 2.8 வோல்ட்டும் டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட்டுமாக 3 வோல்ட்டும் கழிந்துவிடும். மின்தடைக்கென ஒன்றும் எஞ்சாது. மின்கலம் சிறிது தளர்ந்தாலும் விளக்கு மங்கிவிடும். எனவே ஒவ்வொரு விளக்கையும் தனித்தனி மின்தடையோடு பக்கப்பிணைப்பில் அமைத்தல் வேண்டும். இவ்வாறு, ஒரு முதியவரின் படுக்கைநிலை மின்சுற்றின் அமைப்பையே மாற்றுகின்றது.

உறுப்புகளின் இணைப்பைக் குறியீடுகளால் காட்டும் சுற்றுப்படம் இப்பொழுது ஆயத்தம். எது எதனோடு இணையவேண்டும் என்பதை அப்படம் கூறும். எது எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கூறாது. அதனை வகுப்பதே பலகையை வரைதல். முற்காலத்தில் உறுப்புகளைக் கம்பிகளால் ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தனர். அதனால் காலமும் மிகுந்தது, பிழையும் மிகுந்தது. வியன்னாவில் 1907-இல் பிறந்து 1936-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பால் ஐஸ்லர் என்பார், மின்கடத்தாப் பலகையின்மேல் செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத செம்பை அரித்து நீக்கி, எஞ்சிய செம்பையே கம்பியாகக் கொள்ளும் முறையை வளர்த்தார். 1943-இல் அதற்குக் காப்புரிமை வேண்டினார். இன்று வழங்கும் பலகை பெரும்பாலும் கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்து 1.6 மில்லிமீட்டர் கனமுடையது. அதன்மேல் உள்ள செம்பின் கனம் 0.035 மில்லிமீட்டரே.

பலகையை வரைவதற்குக் கணிப்பொறி நிரல்கள் உள்ளன. பிரான்சு நாட்டில் ழான்-பியர் ஷராஸ் என்பார் 1992-இல் தொடங்கிய கீகேட் என்னும் நிரல் விலையின்றிக் கிடைப்பது. ஆயினும் நிரலைத் திறப்பதற்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளல் நலம். பயன்படுத்துவோரின் கையைத் தாளின்மேல் வைக்கச் செய்து, விரல்கள் இயல்பாக விழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பொத்தான்களின் நடுவிடங்களுக்கு இடையே 25 மில்லிமீட்டர் தொலைவு விட்டால், நடுங்கும் விரல் அடுத்த பொத்தானில் படும் வாய்ப்புக் குறையும். இவ்வாறு பொத்தான்களின் இடத்தை முதலில் உறுதிசெய்து, ஏனைய உறுப்புகளை அவற்றிற்கேற்ப வைத்தல் வேண்டும்.

ஒளிவிளக்குகள் பலகையின் முன்விளிம்பில் நிற்கும். மின்கலங்கள் பின்புறம் அடிப்பகுதியில் அமைந்தால் கருவி கையில் நிலையாக நிற்கும். 100 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்றை விளக்குகளுக்கு அருகில் வைத்தல் வேண்டும். கோடைக்காலத்து ஊற்று மெல்லச் சுரக்கும். அதனைத் தொட்டியில் நிறைத்து வைத்தால் வேண்டும்பொழுது ஒருங்கே முகந்துகொள்ளலாம். தளர்ந்த மின்கலமும் அத்தகைய ஊற்றே, மின்தேக்கியே தொட்டி. தொட்டி தொலைவில் இருப்பின் பயன் குறையும். இதுபோலவே 0.1 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்று சில்லின் மின்வழங்கு காலை ஒட்டி இருத்தல் வேண்டும்.

பின்னர்ச் செப்புத் தடங்களை வரைதல் வேண்டும். ஒரே பக்கத்தில் இரு தடங்கள் ஒன்றையொன்று கடத்தல் ஆகாது. கடந்தால் குறுக்கிணைப்பு உண்டாகும். கடக்க நேரின், ஒரு தடத்தைச் சிறுதுளை வழியே மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்லலாம். செய்தி செல்லும் தடத்திற்கு 0.25 மில்லிமீட்டர் அகலம் போதும். விளக்குகளுக்கு மின்னோட்டம் செல்லும் தடத்தை 1 மில்லிமீட்டராக்குதல் நன்று. எஞ்சிய வெற்றிடத்தைச் செம்பால் நிரப்பி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பது வழக்கம்.

வரைந்து முடிந்தபின் பொறுமை தேவைப்படுகின்றது. தாளில் எழுதிய பிழையை அடித்துத் திருத்தலாம். செம்பில் அமைந்த பிழையைத் திருத்துதல் அரிது. எனவே தடங்களின் இடைவெளியையும் விடுபட்ட இணைப்புகளையும் நிரலைக் கொண்டே சோதித்தல் வேண்டும். அச்சோதனையும் முற்றப் போதாது. படத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய உறுப்புகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால், துளைகளின் அளவு தவறியிருப்பின் அப்பொழுதே புலப்படும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களின் வரிசை வகைதோறும் மாறுவதால் அதனையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும்.

சரிபார்த்த படத்தைப் பலகையாக்க இருவழி உண்டு. செப்புத் தகட்டின்மேல் தடங்களை மை போன்ற காப்புப் பொருளால் பதித்து, பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் மறைக்கப்படாத செம்பு கரைந்துபோகும். அக்கரைசல் தோலையும் கண்ணையும் ஊறு செய்வது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பெரியோர் மேற்பார்வையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். எஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றுதல் கூடாது. மற்றொரு வழி, கெர்பர் எனப்படும் வடிவில் படத்தைக் கோப்புகளாக்கிப் பலகை செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்புதல்.

பலகை வந்தபின் உறுப்புகளைப் பற்றாசு வைத்து இணைத்து, சில்லில் நிரலை ஏற்றுதல் வேண்டும். நிரலிலும் ஒரு நுட்பம் உண்டு. நடுங்கும் விரல் ஒருமுறை அழுத்த எண்ணி இருமுறை அழுத்திவிடும். பெட்டி இயங்கியவுடனே நின்றுவிடும். ஆதலின் இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தியபின், அரை நொடிக்குள் வரும் மறு அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாதவாறு நிரலை எழுதுதல் வேண்டும். விளக்கு எரிகின்றதா என்பதைக் கண்ணால் காண இயலாது. ஆனால் கைப்பேசிகள் பலவற்றின் ஒளிப்படக் கருவி வழியே நோக்கினால் அது மெல்லிய ஊதா ஒளியாய்த் தோன்றும்.

இவ்வாறு அமைந்த கருவியில் விலையுயர்ந்த உறுப்பு எதுவும் இல்லை. பொத்தான்களின் இடைவெளியும், விளக்குகளின் திசையும், நிரலின் அரை நொடிப் பொறுமையும் ஒருவருடைய கையை நோக்கி அமைந்தமையே அதன் சிறப்பு. தளர்ந்த கையைக் கருவிக்கேற்ப வளைத்தல் இயலாது. கருவியைக் கைக்கேற்ப வகுத்தல் இயலும். அங்ஙனம் வகுத்த கருவி கிடைத்த முதியவர், ஒலியைக் குறைப்பதற்கு இனி எவரையும் அழைக்க வேண்டுவதில்லை.