ஊசி போட்ட இடம் கறுத்தால்

"குளிசை வேணாம் டொக்டர், ஊசி ஒன்டு அடிங்க." எங்கள் மாவடிப்பள்ளியில் மூட்டுவலிக்காரர் பலர் கேட்பது இதுதான். அந்த ஊசியால் மிக அரிதாக வரும் ஓர் ஆபத்துக்கு ஊர்ப் பேச்சில் பெயரில்லை. பெயரில்லாததை யாரும் சந்தேகிப்பதுமில்லை. தமிழ் படிப்பிக்கிற நான் இதை எழுதுவது அதனால்தான்.

மருத்துவ உலகில் அதன் பெயர் நிக்கொலாவு நோய்க்குறித்தொகுதி. சிபிலிஸ் நோய்க்குப் பிஸ்மத் உப்பைத் தசையில் ஏற்றிய காலத்தில், 1924இல் ஜேர்மனியின் புரொய்டன்தாலும் 1925இல் ருமேனியத் தோல் மருத்துவர் நிக்கொலாவும் இதை விவரித்தார்கள். பிஸ்மத் ஊசி வழக்கொழிந்துவிட்டது. இன்று டைக்குளோபெனாக் வலி ஊசி, பென்சத்தீன் பெனிசிலின் போன்றவற்றின் பின் இது பதிவாகிறது.

தசையில் இறங்கவேண்டிய மருந்து சிறு நாடிக்குள் போனாலோ, அதனருகே பட்டு நாடி சுருங்கினாலோ, அப்பகுதிக்கு இரத்தம் போகாது என்பதே பொதுவான விளக்கம். இரத்தம் போகாத தோலும் தசையும் செத்துப்போகும். முறையாகப் போட்ட ஊசியிலும் இது நேரலாம். எனவே போட்டவரை உடனே குற்றவாளியாக்க முடியாது.

அடையாளம் என்ன? சீழ்க்கட்டி என்றால் சில நாள் கழித்துச் சூட்டோடு வீங்கும். இதுவோ அப்படியல்ல. ஊசி ஏறிய கையோடு தாங்கமுடியாத வலி, தோல் வெளிறும், மறுகா வலை விரித்தாற்போல் நீலமும் ஊதாவும் படரும், சில நாளில் கறுத்துப் புண்ணாகும். சிலருக்குக் கால் மரத்துப்போகும்.

அப்போது ஐஸ் வைக்கக் கூடாது. குளிரில் நாடி இன்னும் சுருங்கும். எண்ணெய் பூசித் தேய்க்கவும் வேண்டாம். "ஊசி வலிதானே, விடிஞ்சாப் போயிரும்" என்று இராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று சொல்லவேண்டும். இரத்தோட்டத்தைக் காக்கும் மருந்துகளை மருத்துவர்கள் முயல்வார்கள். செத்த தசையை வெட்டி அகற்றவும் நேரலாம்.

இதைப் படித்துவிட்டு எந்த உம்மாவும் பிள்ளையின் தடுப்பூசியை நிறுத்திவிடக் கூடாது. வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்குச் சில கிழமைக்கொருமுறை போடும் பெனிசிலின் அதன் இதயத்தைக் காக்கிறது. அதன் நன்மை பெரிது, இந்த ஆபத்து மிகச் சிறிது. குளிசையால் தீரும் வலிக்கு ஊசி கேட்டு வாங்குவதைத்தான் விடவேண்டும். ஊசி தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.