தெரிவுரிமைப் பண்டமாற்று

செல்வம் மிக்க கழகமே சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் வாங்கிக்கொள்ளுமாயின் போட்டி சுவையற்றுப்போகும். இக்குறையை நீக்குதற்பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்ட அமைப்பாகிய மேஜர் லீக் சொக்கர் கைக்கொண்டதே தெரிவு முறையாகும். 2000ஆம் ஆண்டு முதலாக 'சூப்பர் டிராஃப்ட்' என வழங்கும் இம்முறையிலே, பல்கலைக்கழக ஆட்டக்காரரைக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தெடுக்கும். சென்ற பருவத்திற் பின்தங்கிய கழகம் இவ்வரிசையில் முந்தி நிற்கும்.

இத்தெரிவுரிமையைக் கழகங்கள் தம்முள் மாற்றிக்கொள்ளவும் கூடும். அதற்கு ஈடாக வேறோர் ஆட்டக்காரரையோ, பிறிதொரு தெரிவுரிமையையோ, சம்பள வரம்புக்கு மேலுஞ் செலவிட இடந்தரும் ஒதுக்கீட்டுப் பணத்தையோ பெறலாம். 2015இற் கடைநிலை எய்திய சிக்காகோ ஃபயர் கழகம், 2016இல் முதலாவதாக ஜாக் ஹாரிசன் என்பாரைத் தெரிந்து, அவரை நியூயோர்க் சிற்றி கழகத்துக்கு அளித்தது. ஈடாக நான்காவது தெரிவுரிமையையும் ஒதுக்கீட்டுப் பணத்தையும் பெற்றது. அவ்வுரிமையாற் பிராண்டன் வின்சென்றைச் சேர்த்துக்கொண்டது. சிறந்ததெனக் கருதிய ஒன்றை நியூயோர்க் விழைந்தது. ஒன்றை இரண்டாக்கிக்கொண்டது சிக்காகோ.

ஆயின், இவ்வாணிகத்திற் கைமாறுவது யாது? ஓர் இளைஞன் எந்நகரில் வாழ்ந்து எவரிடம் தொழில் புரிவான் என்பதன்றோ? அமெரிக்காவின் தேசிய மகளிர் உதைபந்தாட்ட லீக், 2024இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் தெரிவு முறையையே ஒழித்துவிட்டது. கழகங்களிடையே சமநிலை வேண்டற்பாலதே. அதற்கு ஆட்டக்காரரின் உரிமையே விலையாதல் தகுமோ என்பது சிந்தித்தற்குரியது.