கைதூக்கிவிடும் அறம்

பிறர்க்கு உதவுதல் எல்லாச் சமயங்களும் போற்றும் அறமே. ஆயினும், உதவி பெறுவோரின் மானத்தைக் காப்பது எவ்வாறு என்பது பற்றி யூதர்கள் வகுத்துள்ள நெறிகள் மிகவும் நுட்பமானவை. கடன் கொடுத்தலும் வாங்குதலும் நமது சங்கங்களின் அன்றாடப் பணியாதலால், அங்கத்தினர்கள் அவற்றை அறிவது பயன் தரும்.

எபிரேய மொழியில் அன்புச் செயலை ‘ஹெஸத்’ என்பர். பொருள் ஈதலாகிய ‘ஸெதாகா’வினும் இது உயர்ந்தது என்பது தால்முத் நூலின் கருத்து. அதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. ஈகை பொருளால் மட்டுமே ஆவது. அன்புச் செயலோ பொருளாலும் உடலுழைப்பாலும் ஆவது. ஈகை வறியவர்க்கே உரியது. அன்புச் செயல் செல்வர்க்கும் உரியது. ஈகை உயிரோடிருப்பவர்க்கு, அன்புச் செயல் இறந்தாரை அடக்கம் செய்வதையும் தழுவியது.

யூதர்களின் வேதமாகிய தோரா உழவர்க்கு விதித்த கடமை குறிப்பிடத்தக்கது. வயலின் ஓரங்களை முற்றும் அறுத்துவிடலாகாது. சிந்திய கதிர்களும் மறந்துவிட்ட அரிக்கட்டும் வறியவர்க்கே உரியன. அவை நிலக்காரர் மனமிரங்கி அளிக்கும் பிச்சையல்ல, எளியவரின் உரிமையாகும்.

கடனைப் பற்றிய விதிகள் இன்னும் நுட்பமானவை. அயல் இனத்தாரிடம் வட்டி பெறலாமெனினும், தம்மவரிடம் பெறலாகாது. ஏழையின் போர்வையை ஈடாகப் பெற்றால், பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும். மாவரைக்கும் எந்திரக்கல்லை ஈடாகக் கொள்ளலாகாது. அது பிழைப்பையே பிடுங்குவதாகும். கடன் கொடுத்தவர் ஈட்டுப்பொருளை எடுக்க வீட்டினுள் நுழையலாகாது. வெளியே நிற்க, கடன்பட்டவரே அதனைக் கொணர்ந்து தரவேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் பிறந்து, எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து, 1204-ல் மறைந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞர் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடன் கொடுத்தோ, தொழிலில் கூட்டுச் சேர்ந்தோ, வேலை தேடித் தந்தோ, ஒருவர் பிறரிடம் கையேந்தாதவாறு நிலைநிறுத்துவதே தலையாய படி.

இக்கொள்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1892-ல் நியூயார்க் நகரில் யூதர்கள் 95 டாலர் முதலுடன் வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். குடியேறி வந்த ஏழைகள் அதில் சிறு தொகைகள் பெற்றுத் தொழில் நடத்தினர். ஜாமீன்தாரரின் பொறுப்பே கடனுக்குப் பாதுகாப்பு. ஒருவர் திருப்பிச் செலுத்திய பணமே மற்றொருவருக்குக் கடனாயிற்று. அச்சங்கம் இன்றும் நடைபெறுகிறது.

வைப்புத்தொகைக்கு வட்டி கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வட்டியில்லாமல் கடன் வழங்க இயலாது. ஆனால், வாசலுக்கு வெளியே நிற்கும் நெறியைப் பின்பற்றச் செலவேதும் இல்லை. ஒருமுறை தவணை தவறிய நெசவாளர் ஒருவர் வீட்டில், அண்டையார் கேட்குமாறு நாம் உரத்துப் பேசிவிட்டோம். அதனால் வசூல் கூடவில்லை. அவர் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். பாக்கியைக் கேட்பது நமது கடமைதான்; அதைத் தனியே, தாழ்ந்த குரலில் கேட்பதும் கடமையே என்பதை அன்று உணர்ந்தோம். கடன் நிலுவையைப் பேரேட்டில் காணலாம். இழந்த மானத்தை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது.